மழை மறந்த பள்ளத்தாக்கு

கேரளம் என்றால் காயலும் ஓயாத மழையும்தான் என்று நம்புகிறவர்களை ஒருமுறை வேலந்தாவளத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கோவையிலிருந்து பஸ் எல்லையைத் தாண்டிவிட்டது என்பதைக் கடைப் பலகைகளில் மலையாள எழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பேச்சு தமிழ், காற்று வறண்ட காற்று, தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடிகளை மூட வைத்தது. காய்கறிச் சந்தையின் இரைச்சல் மட்டும் குறையவில்லை. தாவளம் என்றால் தங்குமிடம். கணவாய் வழியே பொதி சுமந்து வந்தவர்கள் இங்கே இளைப்பாறியிருப்பார்கள் என்று பெயரே சொல்கிறது.

இப்போது முதுகில் பொதி ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி, உடுமலை வழியாகத் தெற்கே போகிறவர்கள் வேறு ரகம். ரக்சேக்கும் தொப்பியும் அணிந்த இளைஞர்கள். அமெரிக்காவின் அரிசோனா, யூட்டா பாலைவனப் பள்ளத்தாக்குகளில் நாள்கணக்கில் சுற்றி வருவதைப் படங்களில் பார்த்து ஆசைப்பட்டவர்கள். அவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பது இடுக்கி மாவட்டத்துச் சின்னாறு.

90 சதுர கி.மீ. பரப்புள்ள இந்தச் சரணாலயம் 1984-ல் அறிவிக்கப்பட்டது. மூணாறிலிருந்து சாலை வழியே சுமார் 60 கி.மீ.தான். ஆனால் அங்கே ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் கொட்டும் மழை இங்கே 500 மி.மீ.யோடு கையை விரித்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஆனைமுடியின் மேற்குச் சரிவிலேயே மூட்டையை இறக்கிவிட்டு, வெறுங்கையோடுதான் இந்தப் பக்கம் வருகிறது. அதனால் கள்ளி, குடைவேல், முள்புதர், அனல் கக்கும் பாறை. நட்சத்திர ஆமைக்கு இது பிடித்த இடம். பள்ளத்தில் இறங்கினால் காட்சி சட்டென்று மாறுகிறது. ஆற்றோரம் மட்டும் நீர்மருதும் நாவலும் ஓங்கி நிற்க, கிளைக்குக் கிளை தாவுகிறது சாம்பல் நிற அணில்.

இந்த நடையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது தண்ணீர். வெயிலில் நடப்பவருக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டராவது வேண்டும். மூன்று நாளுக்கு 12 லிட்டர். அதாவது 12 கிலோ. அதைச் சுமந்துகொண்டு யாரும் மேடேற மாட்டார்கள். ஆகவே வழி ஆற்றை ஒட்டியே போயாக வேண்டும். கோடையில் யானைகளின் கணக்கும் அதேதான்! காலையிலும் மாலையிலும் ஆற்றங்கரை அவற்றுக்குச் சொந்தம்; விவரமறிந்தவர்கள் அந்த நேரத்தில் ஒதுங்கியிருப்பார்கள்.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் வருவது. சின்னாறில் வானம் பளிச்சென்றிருக்கும்போதே பாம்பாற்றில் வெள்ளம் வரலாம், மேலே மலையில் மழை பெய்திருந்தால். 1997 ஆகஸ்ட் 12-ல் அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் அப்படித்தான் எங்கோ தொலைவில் பெய்த மழை, குறுகிய பாறைச் சந்துக்குள் இருந்த 11 பேரை அடித்துச் சென்றது.

நினைத்த இடத்தில் கூடாரம் போட்டுப் படுக்க இங்கே இடமில்லை. வனத்துறை அனுமதி வேண்டும். உள்ளூர் ஆதிவாசி வழிகாட்டி உடன் வர வேண்டும். இரவு துறையின் குடிலில்தான். கூட்டாறு, தூவானம் அருவி என்று பகல் நடைகளைக் கோத்துத்தான் சுற்றை முடிக்க முடியும். சுதந்திரம் போயிற்றே என்று அலுத்துக்கொள்பவர்கள் 2018 மார்ச் 11-ஐ நினைத்துப் பார்க்கலாம். இடுக்கியை ஒட்டிய தேனி மாவட்டக் குரங்கணி மலையில் அன்று பிடித்த காட்டுத்தீ, சென்னை, ஈரோடு, திருப்பூரிலிருந்து வந்திருந்த மலையேற்றக் குழுவினரில் 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. காய்ந்த புல் சரிவில் தீயை முந்தி ஓட மனிதனால் முடியாது. அதன் பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்துவிட்டது.

வழிகாட்டிகள் முதுவர், மலைப்புலையர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். எந்தப் பாறையிடுக்கில் ஊற்று வற்றாது, எந்தத் திருப்பத்தில் யானை வாடை வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு வரைபடம் இல்லாமலே அத்துபடி. மறையூர்ப் பக்கம் போனால் கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த முனியறைகளையும் பார்க்கலாம். ஈமச் சின்னங்களான இவை, இந்த வறண்ட மலையில் மனிதர் எத்தனை காலமாக நடமாடி வருகிறார்கள் என்பதற்குச் சாட்சி.

நடைக்காரர்கள் பாட்டிலை நிரப்பிக்கொள்ளும் பாம்பாறு சாமானியமான ஆறல்ல. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்று. கூட்டாற்றில் சின்னாறோடு சேர்ந்து, எல்லை தாண்டி 1957-ல் கட்டிய அமராவதி அணையில் தேங்குகிறது. உடுமலை, தாராபுரம், கரூர் வயல்கள் அதை நம்பி இருக்கின்றன. 2014-ல் பாம்பாற்றின் குறுக்கே பட்டிசேரியில் அணைக்குக் கேரளம் அடிக்கல் நாட்டியபோது தமிழகத்தில் எதிர்ப்புக் கிளம்பியதும் அதனால்தான். ஆதாரமாகக் காட்டப்பட்டது காவிரி நடுவர் மன்றம். அமராவதி கரூர் அருகே காவிரியில் கலக்கிறது.