தேர்ச்சியில் முதலிடம், சேர்க்கையில்?

2025 மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தபோது, 98.31 சதவீதத் தேர்ச்சியுடன் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது சிவகங்கை மாவட்டம். மாநிலத் தேர்ச்சி 93.80 சதவீதம். வானம் பார்த்த பூமிக்கு இது பெரிய சாதனை. அந்த ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு பட்டியல் வந்தது: ஒரு மாணவர்கூட இல்லாமல் மூடப்பட்ட அரசுப் பள்ளிகள், தமிழகம் முழுக்க இருநூறுக்கு மேல். அதிலும் சிவகங்கை முன்வரிசையில் இருந்தது.

இதில் முரண் எதுவும் இல்லை. தேர்ச்சி விகிதம், 2015-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் கதை. அதில் தனியார் பள்ளி மாணவர்களும் அடக்கம். சேர்க்கை எண்ணிக்கை, 2035-ல் தேர்வு எழுதப்போகிறவர்களின் கதை.

பிறப்பு குறைந்துவிட்டது என்கிறது அரசு. உண்மைதான். தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தைதான். போதாக்குறைக்கு, பிழைப்பு தேடிக் காரைக்குடிக்கும் மதுரைக்கும் திருப்பூருக்கும் குடும்பத்தோடு போய்விட்டவர்கள் வேறு.

ஆனால் ஊரில் இருக்கிற குழந்தைகள் எங்கே போகிறார்கள்? காலை எட்டு மணிக்கு ஊர் முக்கில் வந்து நிற்கும் மஞ்சள் வேனைப் பாருங்கள். டை கட்டி, தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறுகிற பிள்ளைக்கு நான்கு வயதுகூட இருக்காது. அரசுத் தொடக்கப் பள்ளி பெரும்பாலும் ஐந்து வயதில், ஒன்றாம் வகுப்பில்தான் கதவைத் திறக்கிறது. இடையில் அங்கன்வாடி உண்டு. அதைச் சத்துமாவு தரும் இடமாகத்தான் பெற்றோர் பார்க்கிறார்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இட ஒதுக்கீடும் தனியார் பள்ளியில் எல்.கே.ஜி.யிலிருந்தே கிடைக்கிறது, அரசுச் செலவில். அரசே கட்டணம் கட்டித் தன் பிள்ளைகளை அனுப்பிவைக்கிறது என்று ஆசிரியர்கள் பொருமுவதில் தப்பில்லை.

இதற்கு மாற்றாக 2019-ல் அரசுப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2023-ல் காலை உணவுத் திட்டம் விரிவானபோது அதில் வந்த அரசுப் பள்ளிகளோ 31,008. எவ்வளவு தூரம் பாக்கி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர்களும் குறைவார்கள். தொடக்கப் பள்ளியில் அறுபது பேர் வரை இரண்டே ஆசிரியர் என்பது விதி. வகுப்போ ஐந்து. ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால் அன்று ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். ‘ரெண்டு வாத்தியார்தானே இருக்காங்க’ என்று சொல்லி இன்னும் இரண்டு வீடுகள் வேனுக்கு மாறும்.

ஆண்டுதோறும் கோடைக்கு முன்பே பதாகை பிடித்துச் சேர்க்கைப் பேரணி நடக்கிறது. ஆசிரியர்கள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் கேட்டு வருவது ஒன்றாம் வகுப்புக்கு. அந்தக் குழந்தை அதற்குள் வேனில் இரண்டாம் வருடத்தை முடித்திருக்கும். எல்லாத் தொடக்கப் பள்ளியிலும் எல்.கே.ஜி.யைத் திறந்து, அதற்கென்று ஓர் ஆசிரியரையும் போட்டுவிட்டு, அப்புறம் சேர்க்கை ஏன் குறைந்தது என்று தலைமையாசிரியரைக் கேட்கட்டும் கல்வித்துறை.