காட்டுக்கோயிலிலிருந்து கழிமுகம் வரை: நம் ஊரை நடந்து அறிவோம்



மயிலாப்பூர் லஸ் பகுதியில் உள்ள பிரகாச மாதா ஆலயத்தை நம் பெரியவர்கள் எந்தப் பெயரால் அழைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 'காட்டுக்கோயில்' என்பார்கள். கடலில் திசை தெரியாமல் தவித்த போர்த்துக்கீசிய மாலுமிகளுக்கு ஓர் ஒளி வழிகாட்டியதாகவும், கரையேறிய அவர்கள் அதைப் பின்தொடர்ந்து வந்தபோது அது ஒரு காட்டுக்குள் மறைந்ததாகவும், அந்த இடத்தில் இந்த ஆலயம் எழுந்ததாகவும் மரபு சொல்கிறது. ஆலயத்திலுள்ள கல்வெட்டு 1516 என்ற ஆண்டைக் குறிக்கிறது. இன்று அந்த ஆலயத்தைச் சுற்றிக் கடைகளும் அடுக்குமாடிகளும் பேருந்துகளும்தான் இருக்கின்றன. காடு போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

தி.நகருக்கும் இதே கதைதான். இன்று நாம் துணி எடுக்கவும் நகை வாங்கவும் நெரிசலில் நடக்கும் அந்தத் தெருக்களின் அடியில் ஓர் ஏரி இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால் ஆங்கிலேயர் அதை 'லாங் டேங்க்' என்றே அழைத்தார்கள். பரங்கிமலைக்குச் செல்லும் மவுண்ட் ரோடு அதன் கரையோரமாகவே சென்றது. 1920-களில் ஏரியை வற்றச் செய்து, சர் பிட்டி தியாகராயர் பெயரில் புதிய நகர் அமைத்தார்கள். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்ற பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது. ஆனால் தண்ணீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை. 2021 நவம்பர் மழையில் தி.நகர்த் தெருக்களில் முழங்கால் அளவு நீர் நின்றதை நாம் பார்த்தோம்.

காடு, புல்வெளி, சதுப்புநிலம், கழிமுகம், கடற்கரை ஆகிய எல்லாம் நம் பங்குகளுக்குப் பக்கத்திலேயே இருந்தன. ஓரளவு இன்னும் இருக்கின்றன. இவற்றைக் காண ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போக வேண்டியதில்லை. ஒரு காலை நேரமும் ஒரு பாட்டில் தண்ணீரும் நடக்கும் மனமும் போதும். எஞ்சியிருப்பதை நடந்து அறியாவிட்டால் அதுவும் ஒருநாள் வெறும் பெயராகிவிடும் என்பதே இக்கட்டுரையின் கவலை.

பரங்கிமலை: முதலில் மேலிருந்து பார்ப்போம்

தொடக்கத்திற்கு ஏற்ற இடம் புனித தோமையார் மலை. உயரம் ஏறத்தாழ 300 அடிதான். தவக்காலத்தில் சிலுவைப்பாதை செபித்தபடி நம்மில் பலர் ஏறிய படிகள்தாம் இவை. முழங்கால் வலி உள்ளவர்கள் பின்புறச் சாலை வழியாக வாகனத்திலும் வரலாம். மேலே 1523-இல் போர்த்துக்கீசியர் கட்டிய ஆலயம் இருக்கிறது.

செபித்து முடித்ததும் உடனே இறங்கிவிடாமல் மதிலோரம் பத்து நிமிடம் நில்லுங்கள். கிழக்கே கட்டடங்களுக்கு நடுவே ஒரு பெரிய பச்சைத் திட்டு தெரியும். அது கிண்டிக் காடு. அதற்கு அப்பால் கடல். தென்கிழக்கே தாழ்ந்து பரந்து கிடப்பது பள்ளிக்கரணைப் பக்கம். நீர் எங்கிருந்து எங்கே ஓட வேண்டும் என்பது அங்கு நின்றால் ஒரு குழந்தைக்கும் புரியும்.

நாம் நிற்கும் பாறைக்கும் ஒரு பெருமை உண்டு. 'சார்னோக்கைட்' எனப்படும் இந்தப் பழமையான பாறைக்காக, இவ்விடத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. 1802-இல் வில்லியம் லாம்டன் இந்திய நிலப்பரப்பை அளக்கும் மாபெரும் பணிக்கு அடிக்கோடு போட்டதும் இம்மலைக்கு அருகில்தான். இந்த நாட்டின் அளவையே இங்கே சங்கிலியோடு நடந்த மனிதர்களின் கால்களில்தான் தொடங்கியது.

கிண்டி: ஊருக்கு நடுவே ஒரு காடு

கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 270 ஹெக்டேர். ஒரு பெருநகரத்தின் நடுவே தேசியப் பூங்கா இருப்பது நம் நாட்டில் மிக அரிது. ஆளுநர் மாளிகைத் தோட்டமாக இருந்த காடு இது. 1950-களில் இதிலிருந்து காந்தி மண்டபத்திற்கும், பிறகு ஐ.ஐ.டி.க்கும் நிலம் பிரிந்து போயிற்று. எஞ்சியது 1978-இல் தேசியப் பூங்கா ஆயிற்று.

கேரளத்து மழைக்காடு போல வானுயர்ந்த மரங்களை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். இது நம் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு. குட்டையான மரங்கள், முட்புதர்கள், களா, காட்டு எலுமிச்சை, ஆங்காங்கே பனை. கோடையிலும் முழுதாக இலை உதிர்க்காது. கடும் வெயிலிலும் பச்சை மாறாதிருப்பதே இதன் இயல்பு. சோழமண்டலக் கடற்கரை நெடுகிலும் இருந்த இவ்வகைக் காடு இன்று சிறு சிறு துண்டுகளாகவே மிஞ்சியிருக்கிறது. உள்ளே 'போலோ மைதானம்' எனப்படும் புல்வெளியும் உண்டு. திருகிய கொம்புடைய வெளிமான்கள் அத்தகைய திறந்த வெளியில்தான் வாழும். புள்ளிமான்களோ மர நிழலை நாடும். மரம் நடுவது நல்லதுதான். ஆனால் புல்வெளியை 'வெற்றிடம்' என்று நினைத்து அங்கெல்லாம் மரத்தை நட்டுவிட்டால் வெளிமான் எங்கே போகும்? படைப்பில் வெற்றிடம் என்று எதுவும் இல்லை.

காட்டின் உட்பகுதிக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆனால் சர்தார் பட்டேல் சாலையிலுள்ள கிண்டி சிறுவர் பூங்கா 2024-இல் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டிருக்கிறது. நிழலான, சமதளமான பாதை என்பதால் சிறு பிள்ளைகளும் முதியோரும் ஒன்றாக நடக்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. மான்களுக்கும் குரங்குகளுக்கும் அன்பின் மிகுதியால் பிஸ்கட் கொடுக்காதீர்கள். அது அவற்றுக்கு நோய். அந்தப் பிளாஸ்டிக் உறை சில வேளைகளில் சாவு.

அடையாற்றுக் கழிமுகம்: திருப்பயணிகளின் பாதை

ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை, காவி உடுத்தி, வெறுங்காலோடு, பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னையிடம் நம் மக்கள் நடந்து போகிறார்கள். சாந்தோம் பக்கமிருந்து வருவோர் திரு.வி.க. பாலத்தின் மேல் அடையாற்றைக் கடக்கிறார்கள். அந்தப் பாலத்தில் நின்று கிழக்கே திரும்பிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஆறு கடலைச் சந்திக்கும் கழிமுகம் அங்கே விரிந்து கிடக்கிறது. ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடிவரும் ஆறு, நாம் எறிந்த கழிவுகளையும் சுமந்தபடி, அங்கேதான் கடலில் கலக்கிறது.

கல்லறைத் திருநாளன்று நம்மில் பலர் மலரும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு போகும் குயிபிள் தீவுக் கல்லறையை நினைத்துப் பாருங்கள். அதற்கு ஏன் 'தீவு' என்று பெயர்? அடையாற்றின் உப்பங்கழி சூழ்ந்திருந்த நிலம் என்பதால்தான். அக்கழியின் ஒரு பகுதி குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டித் தூர்ந்து போயிருந்தது. அதில் 58 ஏக்கரை மீட்டெடுத்து, அலையாத்தி மரங்களை நட்டு, நீர்வழிகளைத் திறந்து, 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். மீண்டும் நீர் வந்தது. மீனும் நண்டும் வந்தன. பறவைகள் தாமாகவே வந்தன. கெட்டுப்போன நிலம் மீளவே மீளாது என்று சோர்ந்துபோகிறவர்கள் காண வேண்டிய இடம் இது. பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே கேட்டறிந்து செல்லுங்கள்.

பாலத்தின் தென்கரையில் பிரம்மஞான சபையின் வளாகம். 1882 முதல் அச்சபை இங்கே இருக்கிறது. அதன் புகழ்பெற்ற ஆலமரத்திற்கு வயது சுமார் 450 என்பார்கள். 1989-இல் வீசிய புயற்காற்றில் அதன் நடு அடிமரம் சாய்ந்துவிட்டது. ஆயினும் விழுதுகள் வேரூன்றி நிற்பதால் மரம் இன்றும் தழைத்திருக்கிறது. தாத்தாவையும் பேரப்பிள்ளையையும் ஒருசேர அழைத்துப் போக ஏற்ற நடை இது. இங்கும் அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

மூன்றாவதாக, வேளாங்கண்ணி ஆலயத்திலிருந்து கடலோரமாகவே வடக்கே நடந்தால், ஊரூர்குப்பம் தாண்டி, ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் 'உடைந்த பாலம்' நிற்கிறது. 1967-இல் கட்டப்பட்டு, பத்தே ஆண்டுகளில் வெள்ளத்தால் உடைந்துபோன பாலம். விடியற்காலையில் போனால் வலை இழுக்கும் மீனவச் சகோதரர்களைப் பார்க்கலாம். நேரில் மீன் வாங்கலாம். மாலை மங்கியபின் அந்தப் பக்கம் போக வேண்டாம். கடலில் இறங்குவதும் வேண்டாம். எலியட்ஸ் கடற்கரையிலுள்ள வெள்ளை நினைவுச்சின்னம், 1930-இல் மூழ்கியவர்களைக் காப்பாற்ற முயன்று உயிர்நீத்த ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டவருக்காக எழுப்பப்பட்டது. அதை ஓர் எச்சரிக்கையாகவும் கொள்ளுங்கள்.

தை, மாசி, பங்குனி மாதங்களில் இதே மணலில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, முட்டைகளைச் சேகரித்து, பாதுகாப்பான இடத்தில் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். சம்பளமில்லாத நடை இது. 2025 சனவரியில் சென்னைக் கரையோரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. அவற்றை ஒவ்வொன்றாக எண்ணியவர்களும் இப்படிக் கரையில் நடந்தவர்களே. யாரும் நடக்காத கரையில் நடப்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

பள்ளிக்கரணை: நம் ஊரின் கடற்பஞ்சு

நிறைவாகச் சதுப்புநிலம். தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, ஏரி ஏரியாக நிரம்பி, பள்ளிக்கரணையில் வந்து சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. மழைநீரை உறிஞ்சி வைத்து மெல்ல விடும் கடற்பஞ்சு போன்றது இந்நிலம்.

அதன் பெரும்பகுதி குடியிருப்பாகவும் அலுவலகங்களாகவும் சாலைகளாகவும், பெருங்குடிக் குப்பைமேடாகவும் மாறிவிட்டது. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் நிலம் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. ஆனாலும் போராட்டம் ஓயவில்லை. ராம்சர் எல்லையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதிகளை நிறுத்தி வைக்குமாறு 2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட நேர்ந்தது.

இதெல்லாம் அதிகாரிகள் விவகாரம் என்று நாம் ஒதுங்க முடியாது. 2015 டிசம்பர் முதல் நாள் இரவை யார் மறப்பார்கள்? அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் நாள்கணக்கில் நீர் வடியவில்லை. ஆலய வளாகங்களும் பள்ளிக்கூடங்களும் தங்குமிடங்களாயின. முதலில் வீடிழந்தவர்கள் ஆற்றங்கரை ஏழைகளே. சதுப்புநிலம் சுருங்கும்போது அதன் விலையை முதலில் கட்டுகிறவர்கள் அவர்கள்தாம். படைப்பின் அழுகையும் ஏழையின் அழுகையும் வெவ்வேறு அல்ல என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' மடலில் வலியுறுத்தியதை நம் நகரம் அதே ஆண்டில் கண்ணால் கண்டது.

2021-இல் இங்கே ஒரு சூழல் பூங்கா திறக்கப்பட்டது. நீரோரமாக ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடைபாதை. ஏற்றம் இறக்கம் கிடையாது. கார்த்திகை முதல் மாசி வரை போவது நல்லது. கூழைக்கடா, பூநாரை, நீலத் தாழைக்கோழி, மிதக்கும் இலைமேல் நடக்கும் இலைக்கோழி ஆகியவற்றைக் காணும் வாய்ப்பு உண்டு. வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் நோக்கச் சொன்னார் நம் ஆண்டவர். அதைக் கேட்டவர்கள் அவற்றைத் தினமும் வழியில் பார்த்தவர்கள். நம் மறைக்கல்வி மாணவர்களுக்கு அந்த நற்செய்திப் பகுதியை நாம் வாசிக்கிறோம். அவர்கள் நோக்குவதற்குப் பறவை வேண்டாமா?

எப்படி நடப்பது?

காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் வேண்டாம். பழைய செருப்பும் தொப்பியும் தண்ணீரும் போதும். கைப்பேசிப் பாட்டு வேண்டாம். கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. மாதம் ஓர் இடம் போதும். ஒரே இடத்திற்கு மழைக்கு முன்னும் பின்னும் போனால் இன்னும் நன்று. மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

ஒவ்வோர் அன்பியமும் ஆண்டுக்கு ஒருமுறை இவற்றுள் ஓர் இடத்திற்குச் சேர்ந்து நடக்கலாம். செப்டம்பர் முதல் நாள் தொடங்கி அக்டோபர் 4, புனித பிரான்சிஸ் அசிசியார் திருநாள் வரை திருஅவை கொண்டாடும் படைப்பின் காலம் அதற்கு ஏற்றது. பெரியவர்களை முன்னால் நடக்கவிடுங்கள். எங்கே ஏரி இருந்தது, எங்கே மீன் பிடித்தார்கள், எந்த வாய்க்கால் எங்கே ஓடியது என்பதை அவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். நாளை ஒரு நீர்வழியை யாரோ தூர்க்க வரும்போது, 'இது எங்களுக்குத் தெரிந்த இடம்' என்று சொல்ல ஊரில் நான்கு பேராவது இருப்பார்கள்.

காட்டுக்கோயிலைச் சுற்றியிருந்த காட்டை நாம் பார்க்கவில்லை. கிண்டியும் கழிமுகமும் பள்ளிக்கரணையும் நம் பேரப்பிள்ளைகளுக்கு அப்படிப் பெயராக மட்டும் மிஞ்சாதிருக்க, இந்த மாதமே ஒரு காலைப்பொழுதை ஒதுக்குவோம். இறைவன் உங்கள் வழிநடையை ஆசீர்வதிப்பாராக.