மூளைப் படிமமும் சமூக வரலாறும்: எழுத்தறிவை முன்னிறுத்திய ஒரு நோக்கு

சிந்தனையின் இயக்கத்தை மூளையிற் கண்டறியும் முயற்சி அண்மைத் தசாப்தங்களிற் பெரிதும் வளர்ந்துள்ளது. குருதியின் ஒட்சிசன் நிலையைக் காந்தப் பரிவுப் படிமத்திற் காணலாம் என்பதை 1990 இல் சேய்ஜி ஒகாவா குழுவினர் காட்டினர். எனினும் அது சிந்தனையின் நிழற்படமன்று. நரம்புக் கலங்கள் தொழிற்படுமிடத்து மிகும் குருதியோட்டத்தின் சுவடே. பலமுறை அளந்து, ஒப்பிட்டு, கணித்துப் பெறப்படுவது. ஆதலின் எவர் எவரோடு ஒப்பிடப்படுகின்றனர் என்னும் வினா முதன்மை பெறுகின்றது.

எழுத்தறிவு பற்றிய ஆய்வுகள் இதனைத் தெளிவுறுத்துவன. 1998 இல் காஸ்ட்ரோ-கால்டாஸ் குழுவினர் போர்த்துக்கலில் எழுத்தறிந்தோரையும் அறியாதோரையும் ஒப்பிட்டனர். பொருளற்ற ஒலித்தொடர்களைத் திருப்பிச் சொல்வதில் எழுத்தறியாதோர் இடர்ப்பட்டனர். எழுத்தறிந்தோரிடம் தொழிற்பட்ட மூளைப் பகுதிகள் சில அவர்களிடம் அவ்வாறு தொழிற்படவில்லை. அவர்கள் எழுத்தறியாமைக்குக் காரணம் யாது? மூத்த மகளை வீட்டுவேலைக்கு நிறுத்தி, இளையவளைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கமே. குடும்பத்தின் உழைப்புப் பிரிவினை மூளையிலும் பதிந்தது எனலாம்.

இப்பதிவு மாற்றவியலாததன்று. டெஹேன் குழுவினர் 2010 இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்தபின் எழுத்துக் கற்றோரின் மூளையிலும் எழுத்தறிவு தரும் மாற்றங்கள் பெரும்பாலும் காணப்பட்டன. லக்னோவை அண்டிய கிராமத்தவர்க்கு ஆறு மாதம் தேவநாகரி கற்பித்த பின்னரும் மூளையில் மாற்றம் தோன்றியதென 2017 இல் வெளியான ஆய்வு கூறிற்று. அறிகை வரலாற்றால் உருவாவது என லூரியா 1931-32 இல் உஸ்பெகிஸ்தான் கள ஆய்வின்வழி முன்வைத்த கருத்தை இவை வலுப்படுத்துகின்றன.

இவ்வுண்மை கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. 1867 இல் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை எழுத்தை அன்றி உழைப்பையே வேண்டிற்று. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தேசியக் கல்வி அமைப்பின் புறத்தேயே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களிலேயாம். இன்று எழுபதைக் கடந்த கொழுந்து பறித்த தாய்மார் பலர் அப்புறக்கணிப்பின் காலத்திற் குழந்தைகளாயிருந்தோர்.

முதுமை மறதியைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும், 1975 இல் வெளியான சிறு உளநிலைச் சோதனையின் 30 புள்ளிகளுள் எழுதிய கட்டளையை வாசித்தற்கும், வாக்கியம் எழுதுதற்கும், உருவத்தைப் பார்த்து வரைதற்கும் புள்ளிகள் உண்டு. எழுதுகோல் பிடித்தறியாத மூதாட்டி அவற்றை இழப்பது நோயினாலா, வரலாற்றினாலா? இவ்வினாவை எழுப்பாத மருத்துவம் வறுமையை நோயெனப் பெயரிடும். அன்றி, உண்மை நோயைக் கல்லாமையென ஒதுக்கும்.

படிமவியலை நாம் மறுக்கவில்லை. மூளைக் கட்டியையும் குருதியடைப்பையும் காட்டி உயிர்காப்பது அது. ஆயின் உளச்சிதைவு, மனச்சோர்வு முதலியவற்றைப் படிமத்தை மட்டுங்கொண்டு ஒருவரிடத்து நிர்ணயித்தல் இன்றும் இயலாது. எழுத்தறியாதோர்க்கெனத் தமிழில் அமைந்த சோதனைகளும், அவர்தம் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டறியும் மருத்துவமும் வேண்டப்படுகின்றன. படிமத்தை வாசிப்பதற்கும் சமூக வரலாறு கற்றல் வேண்டும்.