சிரட்டைக் கரியும் பரப்புக் கவர்தலும்

ஒரு திடப்பொருளின் உட்பகுதியில் இருக்கும் அணு, சுற்றியுள்ள அணுக்களால் எல்லாத் திசைகளிலும் சமமாக ஈர்க்கப்படுகிறது. மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கோ ஒரு பக்கம் துணையில்லாமையால், அதன் ஈர்ப்பில் ஒரு பகுதி செலவாகாமல் வெளிநோக்கி எஞ்சி நிற்கிறது. எஞ்சிய அந்த ஈர்ப்பு, அருகில் வரும் வாயு மூலக்கூறுகளையும் நீர்மத்தில் கரைந்துள்ள பொருள்களையும் பிடித்து நிறுத்துவதையே பரப்புக் கவர்தல் என்று வேதியியலார் குறிப்பிடுகின்றனர். பிடிபட்ட பொருள் திடப்பொருளுக்குள் ஊடுருவிக் கலப்பதில்லை. அதன் பரப்பிலேயே தங்குகிறது. ஆகவே கவரும் பொருளின் எடையைவிட அதன் பரப்பே இங்கு முதன்மை பெறுகிறது.

சிறிய எடைக்குள் பெரும் பரப்பை அடக்கி வைத்திருக்கும் பொருள்களில் கரிக்குத் தனியிடம் உண்டு. கரி தன் கன அளவைப் போலப் பல மடங்கு வாயுவைப் பிடித்து வைக்கும் என்பதைச் சுவீடனின் ஷீலேவும் இத்தாலியின் ஃபொன்டானாவும் 18ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்தனர். அந்த ஆற்றலைப் பெருக்கும் தொழிலுக்குத் தேங்காய்ச் சிரட்டை மிகவும் ஏற்ற மூலப்பொருளாக அமைந்தது. காங்கேயம், பொள்ளாச்சி வட்டாரங்களிலும் இலங்கையிலும் நடைபெறும் இத்தொழிலில், சிரட்டையைக் குறைந்த காற்றில் சுட்டுக் கரியாக்கிய பின், அக்கரியை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவிக்கு உட்படுத்துகின்றனர். நீராவி கார்பன் அணுக்களில் ஒரு பகுதியோடு வினைபுரிந்து அவற்றைக் கார்பன் மோனாக்சைடாக வெளியேற்ற, அவை இருந்த இடங்களில் நுண்துளைகள் பெருகுகின்றன. இவ்வாறு கிடைக்கும் கிளர்வூட்டப்பட்ட கரி ஒரு கிராமின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டரை எட்டக்கூடும்; அதாவது ஏறத்தாழ 25 சென்ட் நிலம். சிரட்டைக் கரியின் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகலானவை என்பது அதன் சிறப்பு. அத்தனை குறுகிய இடத்தில் புகுந்த மூலக்கூறை எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் சேர்ந்து ஈர்ப்பதால் பிடிப்பு வலுப்பெறுகிறது.

எனினும் கரி எல்லா வாயுக்களையும் ஒரே அளவில் கவர்வதில்லை. எளிதில் திரவமாகக்கூடிய வாயுக்களின் மூலக்கூறுகள் தமக்குள் வலுவாக ஈர்த்துக்கொள்பவை ஆதலால், அவை பரப்பிலும் எளிதில் ஒட்டுகின்றன. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஜெர்மன் படை அத்தகைய வாயுவான குளோரினை ஏவிய பிறகு, அதே ஆண்டில் ரஷ்ய வேதியியலார் செலின்ஸ்கி கரி நிரப்பிய முகக்கவசத்தை உருவாக்கினார். எண்ணற்ற உயிர்களைக் காத்த அறிவியல் பணிகளில் அதுவும் ஒன்று. ஆனால், சுழியத்திற்குக் கீழ் 191 டிகிரி வரை குளிர்வித்தால்தான் திரவமாகும் கார்பன் மோனாக்சைடைக் கரி ஏறக்குறையப் பிடிப்பதே இல்லை. அந்த வாயு சூழ்ந்திருக்கும் தீப்பிடித்த அறைக்குள் வெறும் கரிக் கவசத்தை நம்பி நுழைவது உயிருக்கே ஆபத்தாவது இதனால்தான்.

பரப்பு எப்படி நிரம்புகிறது என்பதற்குத் தெளிவான கணக்கை வகுத்தவர் அமெரிக்காவின் லாங்மியூர். பரப்பில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடங்கள் உள்ளன, ஓரிடத்தில் ஒரு மூலக்கூறே அமரும், அமர்வதும் விலகுவதும் ஓயாமல் நிகழ்ந்து ஒரு சமநிலையை அடையும் என்று அவர் 1918இல் நிறுவினார். பரப்பு வேதியியலில் ஆற்றிய பணிக்காக 1932இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கவர்தலின்போது வெப்பம் வெளிப்படுவதால், குளிர்வித்தால் கவர்தல் மிகும், சூடாக்கினால் பிடிபட்டது விடுபடும். பரப்போடு வேதிப்பிணைப்பே ஏற்பட்டுவிடும் வலுவான வகையும் உண்டு. அம்மோனியா தயாரிப்பில் இரும்பின் பரப்பு நைட்ரஜன் மூலக்கூறைப் பிளப்பது அவ்வகையே. ஆயினும் மனிதருக்குப் பெரிதும் பயன்படுவது, பிடிப்பதைப் போலவே விட்டுவிடவும் கூடிய மென்மையான வகைதான். மருத்துவமனை வளாகங்களில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் இயந்திரங்களில், சியோலைட் என்னும் நுண்துளைக் கனிமம் அழுத்தம் மிகும்போது நைட்ரஜனைக் கவர்ந்து ஆக்சிஜனை வெளியே விடுகிறது. அழுத்தம் குறைந்ததும் நைட்ரஜனை உதிர்த்து அடுத்த சுற்றுக்கு ஆயத்தமாகிறது.

நீர்மத்தில் நிகழும் கவர்தல் சற்றுச் சிக்கலானது. அங்கே கரைந்த பொருளைப் பரப்பு ஒரு பக்கமும் நீர் மறுபக்கமும் இழுக்கின்றன. நிறமும் நாற்றமும் தரும் கரிமச் சேர்மங்கள் பலவற்றின்மீது நீருக்குப் பிடிப்புக் குறைவாதலால், அவை கரியிடம் சேர்கின்றன. குடிநீரில் கலந்த குளோரினோ கரியின் பரப்போடு வினைபுரிந்து குளோரைடாக மாறுகிறது. உப்புகளின் அயனிகளை நீர் இறுகப் பற்றியிருப்பதால், கடினத்தன்மையையும் புளோரைடையும் சாதாரணக் கரி வடிகட்டியால் நீக்க இயலாது. மேலும், இடங்கள் நிரம்பிய கரி புதிதாக எதையும் கவராது. அதன் ஈரமான துளைகள் பாக்டீரியாக்கள் பெருகும் இடமாகவும் ஆகிவிடும். ஆகவே வீட்டில் கரி வடிகட்டி வைத்திருப்போர் தம் கிணற்று நீரின் உப்புத்தன்மையைத் தனியாகப் பரிசோதித்துக்கொள்வதும், குறித்த காலத்தில் கரியை மாற்றுவதும் கட்டாயம்.