உஷார்! உங்கள் மெயிலுக்கு அமெரிக்காவில் பூட்டு கிடையாது

"நான் சாதாரண ஆள். என் மெயிலைப் படித்து அமெரிக்காக்காரனுக்கு என்ன ஆகப்போகிறது?" என்பவரா நீங்கள்? கொஞ்சம் நில்லுங்கள்.

2013 ஜூனில், அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. உளவு அமைப்பில் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடென் அம்பலப்படுத்திய அதன் ரகசிய ஆவணங்களில் 'பிரிஸம்' என்றொரு திட்டம். மைக்ரோசாஃப்ட், யாஹூ, கூகுள், ஃபேஸ்புக், ஆப்பிள் என்று நாம் அன்றாடம் புழங்கும் பெயர்களெல்லாம் அதில் வரிசையாக இருந்தன. பயனர்களின் தகவலைச் சட்டப்படி கேட்டால்தான் கொடுக்கிறோம் என்றன நிறுவனங்கள். சரி, அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? அங்கேதான் வயிறு கலங்குகிறது. அமெரிக்க உளவுச் சட்டத்தில் 2008-ல் வந்த 702-வது பிரிவின்படி அமெரிக்கரைக் குறிவைக்கக் கூடாது. நாட்டுக்கு வெளியே இருக்கும் அந்நியரைக் குறிவைக்கலாம்; ஆளுக்கொரு வாரண்ட்கூட வேண்டாம். மதுரையில் உட்கார்ந்து ஜிமெயில் திறக்கும் நீங்களும் நானும்தான் ஐயா அந்த அந்நியர்!

இது பழங்கதை அல்ல. 2024 ஏப்ரலில் இதே பிரிவுக்கு மறுபடி ஆயுள் நீட்டித்தார்கள்.

2013 மார்ச் ஒரே மாதத்தில் இந்தியாவிலிருந்து என்.எஸ்.ஏ. திரட்டியது 630 கோடி தகவல்கள் என்றது அவர்களுடைய ஆவணமே. பிரிட்டனின் உளவு அமைப்பான ஜி.சி.எச்.க்யூ. இன்னும் ஒரு படி மேல்: கடலடி கேபிளிலேயே கைவைத்தது.

பேச்சைக் கேட்காமல், யார் யாரிடம் எப்போது பேசினார் என்ற 'மெட்டாடேட்டா'வை மட்டும் எடுத்தால் பரவாயில்லையா? புற்றுநோய் மருத்துவமனைக்கு ஒரு போன், அடுத்து இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு, அப்புறம் அண்ணனுக்கு. கதை புரிந்துவிட்டதல்லவா? மெட்டாடேட்டாவை வைத்தே ஆட்களைக் கொல்கிறோம் என்று 2014-ல் பொதுமேடையில் சொன்னவர் என்.எஸ்.ஏ.வின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஹேடன்.

உள்ளூர் மட்டும் யோக்கியமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு வருடமே, டிசம்பர் 20 அன்று, நம் கணினிகளின் தகவலை இடைமறிக்கவும் கண்காணிக்கவும் 10 அமைப்புகளுக்கு மத்திய உள்துறை அதிகாரம் கொடுத்தது. அனுமதி தருவது உள்துறைச் செயலாளர், நீதிபதி அல்ல.

சரி, நம்மால் ஆனது என்ன? வாட்ஸ்அப்பில் பேசுவது பூட்டியே போகிறது, உண்மைதான். ஆனால் கூகுள் டிரைவில் சேரும் பேக்கப் நீங்களாகப் பூட்டினால்தான் பூட்டு. செட்டிங்ஸில் 'சாட் பேக்கப்' போய் என்கிரிப்ஷனை இன்றே ஆன் செய்யுங்கள். அப்போது கொடுக்கும் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மறந்தால் வாட்ஸ்அப்காரனாலும் திறந்துதர முடியாது.