கல்ச்சர் டெஸ்ட்... கிருமிக்கு வைக்கும் பால் விருந்து!

‘கல்ச்சருக்குக் கொடுத்திருக்கோம். ரிசல்ட் வர ரெண்டு, மூணு நாளாகும்.’ சிறுநீர்த் தொற்று, விடாத காய்ச்சல் என்று லேபுக்குப் போனவர்களுக்குப் பழகிய பதில் இது. சர்க்கரை அளவு அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. இதற்கு மட்டும் ஏன் இத்தனை நாள்?

காரணம் எளிது. லேபில் அப்போது ஒரு விருந்து நடக்கிறது. விருந்தாளி, உங்கள் உடம்பில் புகுந்த பாக்டீரியா. பந்தியில் முக்கிய அயிட்டம், பால் புரதம்!

காய்ச்சிய பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் பனீர் திரள்கிறதல்லவா? அதிலிருக்கும் புரதம்தான் கேசீன். பசும்பாலின் புரதத்தில் சுமார் 80 சதவிகிதம் இதுதான். ஆனால், பெரிய மூலக்கூறு என்பதால், பல பாக்டீரியாக்களால் இதை அப்படியே சாப்பிட முடியாது. எனவே, நம் குடலில் நடக்கும் செரிமானத்தைத் தொழிற்சாலையிலேயே நடத்திவிடுகிறார்கள். ட்ரிப்சின் போன்ற நொதிகள் கேசீனைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைக்கின்றன. அதை உலர்த்தினால் கிடைக்கும் பொடிதான் ‘ட்ரிப்டோன்’.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. வெள்ளைப் பாலில் கிருமி வளர்வது எளிதில் தெரியாது. இந்தப் பொடியைக் கரைத்த நீரோ தெளிவாக இருக்கும். அது கலங்கினால், உள்ளே ஆள் வளர்கிறது என்று அர்த்தம்.

ரத்த கல்ச்சர் பாட்டில்களில் பெரும்பாலும் செரித்த கேசீனும் சோயா புரதமும் கலந்த திரவம்தான் இருக்கும். சிறுநீர் என்றால், கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் சேர்த்து உறையவைத்த தட்டு. சுமார் 35 - 37 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு வைத்தால், கண்ணுக்கே தெரியாத ஒரு கிருமி லட்சக்கணக்கில் பெருகிப் புள்ளியாகத் தெரியும். எந்த ஆன்டிபயாடிக்குக்கு அது அடங்கும் என்று பார்க்க இன்னொரு நாள். அதான் இந்தத் தாமதம்!

விருந்து நடக்க வேண்டுமானால் விருந்தாளி உயிரோடு வர வேண்டுமே? வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொண்டு சாம்பிள் கொடுத்தால், தொற்று இருந்தும் ‘வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் வரலாம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதேநேரம், நிலைமை தீவிரமாக இருந்து டாக்டர் உடனே மருந்தை ஆரம்பித்தால், ரிசல்ட்டுக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

காய்ச்சல் விட்டுவிட்டதே என்று ரிப்போர்ட்டை வாங்காமலும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் சாப்பிடும் மருந்து சரியானதுதானா, மாற்ற வேண்டுமா என்பதை டாக்டருக்குச் சொல்லப்போவது அந்தத் தாள்தான்.