உங்களுக்குத் தெரியுமா? மெத எலவும் ஒரு மண்வெட்டியும்

கண்டி ஏரியைப் படம் எடுக்காமல் ஊர் திரும்பியவர்கள் குறைவு. அந்த ஏரிக்கு ஒரு வால் இருப்பதைக் கவனித்தவர்கள் அதைவிடக் குறைவு. ஏரி வான் பாய்ந்து வெளியேறும் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்கு 'மெத எல' என்று பெயர்; 'நடு வாய்க்கால்' என்பது அதன் சிங்களப் பொருள். போகம்பறையைக் கடந்து, கட்டுக்கலைப் பக்கமாக, கடைகளின் பின்சுவர்களை உரசிக்கொண்டு போய்க் கெட்டம்பேயில் மகாவலியில் கலக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற ஆட்களுக்கு இதன் பெயர் வெறும் 'கான்'.

✦

ஏரியை வெட்டுவித்தவர் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். வேலை 1807 இல் தொடங்கி 1812 வரை நடந்தது. முன்பு அது வயல்வெளி. வெட்டியவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர். 'ராஜகாரிய' முறையில், நிலத்துக்கு ஈடாக மன்னருக்கு உழைக்கக் கடமைப்பட்ட குடிகள். மறுத்தவர்கள் ஏரிப் படுகையிலேயே கழுவேற்றப்பட்டதாகக் கதை உண்டு. ஏரிக்கரையில் முகில் வடிவில் எழும்பும் 'வலாகுளு பம்ம' சுவர் இன்றுவரை அரைகுறையாகவே நிற்கிறது. அது முடிவதற்குள் ஆட்சி முடிந்துவிட்டது.

தமிழ் பேசிய நாயக்கர் வம்சத்து மன்னர் அவர். பிறப்புப் பெயர் கண்ணுசாமி. 1815 இல் பிடிபட்டு வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டார். 1832 ஜனவரியில் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவரது முத்துமண்டபம் இருக்கிறது. அதே 1832 இல்தான் ஆங்கிலேயர் ராஜகாரியத்தை ஒழித்தார்கள்.

✦

கட்டாய வேலை ஒழிந்தது நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் கோயில் காணிகளைத் தவிர மற்ற இடங்களில் அந்தக் கடமை போனதும், ஊர்க் குளத்தையும் வாய்க்காலையும் ஆண்டுதோறும் தூர் வாரி வந்த வழக்கமும் பல ஊர்களில் கூடவே போனது. வாய்க்கால்கள் மேடாகின. கடைசியில் 1856 இல், ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில், நீர்ப்பாசனச் சட்டம் ஒன்றைப் போட்டுப் பழைய ஊர்வழக்கத்துக்கே திரும்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1858 இல், கடலுக்கு அந்தப் பக்கம் சென்னை மாகாணத்திலும் கரை உடைந்தால் ஊரார் வேலைக்கு வரவேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குக் 'குடிமராமத்து' என்று முன்பே பெயர் இருந்தது. ஒரே வெள்ளைக்கார ராஜ்ஜியம், ஒரே தலைவலி.

வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் ஊர் அலுவலருக்குக் கண்டிப் பக்கம் 'வெல் விதானை', மட்டக்களப்புப் பக்கம் 'வட்டை விதானை'. 1958 இன் நெற்காணிச் சட்டத்தோடு அந்தப் பதவியும் போனது.

✦

1958 என்றதும் இன்னொன்று. அதே ஆண்டு டிசம்பரில் கொழும்பு நாளந்தா கல்லூரி ஆசிரியர் ஏ.ரி. ஆரியரத்ன, மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ என்ற ஊருக்குப் போனார். சாதியின் பெயரால் ஒதுக்கிவைக்கப்பட்டவர்களின் ஊர் அது. கிணறு வெட்டினார்கள், மலசலகூடம் கட்டினார்கள், அந்த ஊராரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சர்வோதயச் சிரமதான இயக்கம் பிறந்தது இப்படி. உழைப்பைக் கேட்டு வாங்கியது ராஜகாரியம். உழைப்பைக் கொடுத்தது சிரமதானம். இன்று இலங்கைத் தமிழில் 'சிரமதானம்' என்றால் யாரும் அகராதி புரட்டுவதில்லை. பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல், மயானம், கான் எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். ஆரியரத்ன 1969 இல் மக்சைசாய் விருது பெற்றார். 2024 இல் மறைந்தார்.

✦

சிரமதானத்தில் மண் வெட்டுவது சுலபம். வெட்டிய மண்ணை எங்கே போடுவது என்பதுதான் கஷ்டம்.

நான் போன ஒரு வாய்க்கால் சிரமதானத்தைச் சொல்கிறேன்; ஊர் வேண்டாம். காலை ஏழு மணிக்கு எழுபது பேர், பதினெட்டு மண்வெட்டி. மீதிப் பேர் கடகமும் உரப்பையும் பிடித்தோம். முதலில் வந்தது பொலித்தீன். மேலே ஒரு படை, அதற்குக் கீழே சேறு, அதற்கும் கீழே இன்னொரு பொலித்தீன் படை. மண்வெட்டி அதில் விழுந்தால் வெட்டாது, நெளிந்து இழுபடும். கையால்தான் உரிக்கவேண்டும். பத்து மணிக்குப் பிளேன்டீயும் பணிசும். பன்னிரண்டு மணிக்கு வாய்க்காலின் அடித்தளக் கல் தெரிந்தது. வயதான ஒருவர் நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்தக் கல்லைப் பார்க்கிறேன் என்றார். எல்லோரும் நின்று படம் எடுத்தோம். எடுத்த சேற்றைக் கரையோரமாக அழகாகக் குவித்திருந்தோம். ஏற்றிப் போக வருவதாகச் சொன்ன வண்டி வரவில்லை. வியாழக்கிழமை மழை பெய்தது. வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் குவியலும் இல்லை, கல்லும் இல்லை.

அதற்குப் பிறகு சிரமதானம் என்று யார் அழைத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, 'லொறி யாருடையது?'

✦

தூர் வாருவது மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா? அனுபவப்பட்டவர்கள் கீழ்முனையில் தொடங்குவார்கள். அங்கே திறந்தால் தேங்கிய தண்ணீர் வடிந்து, மேலே வேலைத்தளம் காயும். மேலே தொடங்கினால் எடுக்க எடுக்கச் சேறும் தண்ணீரும் காலுக்குள்ளேயே வந்து நிற்கும்.

✦

டெங்கு நுளம்பு அழுக்கு வாய்க்காலில் பெருகுவதில்லை. அதற்கு வேண்டியது தெளிந்து தேங்கிய கொஞ்சத் தண்ணீர். வாய்க்காலை விட, வாய்க்கால் கரையில் வீசிய யோகட் கோப்பையும் சிரட்டையும்தான் ஆபத்து. இலங்கையில் 2017 இல் மட்டும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது.

வாய்க்காலுக்குள் இறங்குபவர் பயப்படவேண்டியது எலிக்காய்ச்சலுக்கு. எலியின் சிறுநீர் கலந்த சேறு, காலில் ஒரு சின்னக் கீறல், அவ்வளவு போதும். வயலில் இறங்குவோருக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் (பி.எச்.ஐ.) வாரம் ஒருமுறை டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுப்பது இதற்காகவே. சிரமதானத்துக்குப் பதாகை அடிக்கும் முன் பி.எச்.ஐ. ஐயாவைப் பார்ப்பது நல்லது.

✦

இங்கிலாந்தில் ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாயின் தென்பகுதியைக் கைவிட்டுவிடுவதாக இருந்தார்கள். 13 மைல். 1961 முதல் மூன்று ஆண்டுகள் தன்னார்வலர்களும் இராணுவத்தினரும் சிறைக் கைதிகளும் சேர்ந்து தோண்டினார்கள்; 1964 இல் அரசித் தாயார் வந்து திறந்துவைத்தார். அந்நாட்டின் மற்றக் கால்வாய்களை மீட்கப் பலருக்குத் துணிவு வந்தது அதன் பிறகுதான். மெத எலவின் ஓரத்திலும் ஒரு பழைய சிறை இருக்கிறது. 1876 இல் கட்டிய போகம்பறைச் சிறை. 2014 இல் மூடிவிட்டார்கள்.

✦

தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குக் கான் வெட்டுவதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கொழுந்து, கவ்வாத்து, முள்ளுக்குத்து போலக் கான்வெட்டும் ஒரு வேலை. கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது எல்லாப் பள்ளிப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த மலைச்சரிவுகளில் குறுக்குக் குறுக்காகக் கான் வெட்டியவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நல்ல கானைப் பார்த்திருக்கிறீர்களா? நேராகக் கீழே இறங்காது. மலையின் இடுப்பைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத சாய்வில் போகும். உள்ளே இடைக்கிடை ஒரு சின்ன மேடு விட்டிருப்பார்கள். மழைத்தண்ணீர் அந்த மேட்டில் முட்டி நிற்கும். மண் அடியில் தங்கும். தண்ணீர் மட்டும் வழிந்து அடுத்த குழிக்குப் போகும். குழி நிறைந்ததும் அந்த மண்ணை வெட்டி மேலே செடிக்கே போடவேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் ஆள் குறைந்த தோட்டங்கள் முதலில் கைவிட்டன. கான் தூர்ந்தால் தண்ணீர் தனக்கு வசதியான வழியைத் தானே வெட்டிக்கொள்ளும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மிக அதிகமான உயிர்களை இழந்தது கண்டி மாவட்டம். பெரும்பாலானவை மண்சரிவில் போனவை. அத்தனை மழைக்கு எந்தக் கானும் ஈடுகொடுத்திராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சரிவு வருமுன் மலை காட்டும் அடையாளங்கள் கானில்தான் முதலில் தெரியும்: திடீரென்று தண்ணீர் கலங்கும், அல்லது நிற்கும், ஊற்று இல்லாத இடத்தில் ஊற்று வரும், நிலத்தில் வெடிப்பு விழும், மரம் சாயும். கானைத் துப்புரவாக்கப் போகிறவர்தான் இதை முதலில் காண்பார்.

'டித்வா' என்பது ஏமன் நாடு கொடுத்த பெயர். சொகோத்ரா தீவில் உள்ள ஓர் அழகான களப்பின் பெயர் அது.

✦

வெள்ளம் வடிந்த பிறகு மகாவலிக் கரை ஊர்களில் வேலை செய்தவர்களுக்கு ஒன்று தெரியும்: வீட்டுக்குள் படிந்த சேற்றை ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிடவேண்டும். இரண்டு நாள் வெயில் பட்டால் அது சீமெந்து. கிணற்றையும் ஒரேயடியாக இறைத்துவிடக் கூடாது. சுற்றியுள்ள மண் ஊறியிருக்கும்போது உள்ளே தண்ணீர் சட்டென்று இறங்கினால் கிணறு இடியும்.

✦

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் சில கிலோமீட்டருக்குள் வருவது அக்குறணை. பிங்கா ஓயா பெருகினால் கடைவீதி குளமாகும். கரையை நெருக்கிய கட்டடங்கள் இருக்கும்வரை இது மண்வெட்டியால் தீரும் காரியம் அல்ல. அங்கே வெள்ளத்தில் உதவியென்றால் முதலில் சாமான்களை மாடிக்கு ஏற்றுவது.

✦

வாய்க்கால் துப்புரவு ஓர் இனப்பிரச்சினையைக்கூடக் கொஞ்சம் தணிக்கும் என்று யாராவது சொன்னால் நான் சிரித்திருப்பேன், கல் ஓயாவின் கதையைப் படிக்காவிட்டால்.

1981 இல் கல் ஓயா இடதுகரைத் திட்டத்தின் பெருங்குளம் நாலில் ஒரு பங்குதான் நிறைந்திருந்தது. வாய்க்கால் தலைப்பில் சிங்கள விவசாயிகள், கடைக்கோடியில் தமிழ் பேசும் விவசாயிகள். தலைப்பில் இருப்பவன் எடுத்தது போக மீந்தால்தானே கடைசிக்கு? அந்த நேரம் பார்த்துக் கொழும்பின் கமநல ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் பட்டதாரிகளை ஊரூராகத் தங்கவைத்தன. அவர்கள் எதையும் கட்டவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். சில வாரங்களில் விவசாயிகள் தாங்களே இறங்கி ஆண்டுக்கணக்காகத் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களைத் துப்புரவாக்கினார்கள். முறை வைத்துப் பாய்ச்சினார்கள். மிச்சம் பிடித்த தண்ணீரைக் கடைக்கோடிக்கு விட்டார்கள். நாடு எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்த ஆண்டு அது என்பதை யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அங்கே வேலை செய்த கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் பிற்பாடு மடகஸ்காரில் ஒரு நெல் நடவு முறையைக் கண்டு உலகெங்கும் பரப்பினார். தமிழ்நாட்டு விவசாயிகள் அதை 'ஒற்றை நாற்று நடவு' என்பார்கள்.

✦

கடைமடைக்காரர்களின் கோபத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கமும் ஓர் உதாரணம். 2018 நவம்பரில் கஜா புயல் பேராவூரணி வட்டாரத்துத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. அடுத்த ஆண்டே அங்குள்ள இளைஞர்களும் விவசாயிகளும் 'கைஃபா' என்ற கடைமடை விவசாயிகள் அமைப்பாகத் திரண்டு பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர் வாரினார்கள். அந்த மண் கரையில் கிடக்கவில்லை, கரையாகவே உயர்ந்தது. என் வியாழக்கிழமை மழையை நினைத்துக்கொண்டேன்.

✦

கரையைத் துப்புரவாக்குகிறேன் என்று மரத்தையும் வெட்டிவிடுவார்கள் சிலர். சிங்களவர் 'கும்புக்' என்பதும் நாம் மருது என்பதும் ஒரே மரம். அதன் வேர்கள் கரையைக் கூடையைப் போலப் பின்னிப் பிடிக்கும். மருது நின்ற கரை இலேசில் இடியாது.

✦

மெத எலவுக்குள் எறிந்தது எங்கே போகும்? மகாவலிக்கு. மகாவலியில் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டினால் பொல்கொல்ல அணை. 1976 முதல் அங்கிருந்து தண்ணீரின் ஒரு பங்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தால் மலையைத் துளைத்து உக்குவளை மின்நிலையத்துக்குப் போகிறது. அதற்கப்பால் வடக்கே வறண்ட நாட்டுக் குளங்களுக்கு, கலாவெவ வரைக்கும். கலாவெவயிலிருந்து அனுராதபுரம் போகும் ஜய கங்கை, தாதுசேன மன்னன் காலத்தது, சுமார் 87 கிலோமீட்டர். முதல் 17 மைலில் மைலுக்கு ஆறு அங்குலம்தான் சாய்வு. கண்டிக்காரர் கொப்பளித்த தண்ணீர் ஆயிரத்தைந்நூறு வருடத்துக் கால்வாயில் நடைபயில்கிறது.

✦

எழுபது பேர் சேர்ந்தாலும் முடியாத ஒன்று உண்டு: கழிவுக்குழாய். 1999 இல் கண்டி ஏரி பாசி பூத்துப் பச்சைக்குழம்பானபோது யார் மண்வெட்டியோடு இறங்கியிருந்தாலும் பயன் இருந்திராது. நகரத்தின் கழிவுநீரைக் குழாய்வழி சேர்த்துக் கன்னொறுவையில் சுத்திகரிக்கும் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்தது அதற்காகத்தான். அது அரசாங்கத்தின் வேலை. சிரமதானத்தைக் காட்டி அதைத் தட்டிக்கழிக்க விடக் கூடாது. மறுபக்கம், 2022 இல் டீசலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்றதே, அப்போது பெக்கோ நின்றுவிட்டது. மண்வெட்டிக்கு எரிபொருள் கியூ.ஆர். கோட் தேவைப்படவில்லை.

✦

கண்டி எசல பெரஹெர ஊர்வலத்தின் இறுதி இரவு முடிந்த மறுநாள் விடியலில், நான்கு தேவாலயத்தாரும் கெட்டம்பேக்குப் போவார்கள். தேவாலயப் பூசகரான கப்புறாளை படகில் ஏறி, வாளால் மகாவலியில் தண்ணீரை வெட்டி, வெட்டிய இடத்தில் குடத்தை நிரப்புவார். போன வருடக் குடத்துத் தண்ணீரை ஆற்றில் ஊற்றிவிட்டுப் புதியதை எடுத்துவருவது முறை. திரும்பும் வழியில் பிள்ளையார் கோயிலில் தங்கி, பிறகு பகல் பெரஹெர புறப்படும். குடம் அடுத்த எசல வரை தேவாலயத்தில் இருக்கும்.

மெத எல ஆற்றில் சேர்வதும் அதே கெட்டம்பேயில்தான்.